கச்சான் வீசும் மாதங்கள்: ஊவா மலைகளில் எப்போது நடப்பது

இலங்கைக்குப் போக டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். காலிக்கும் ஹிக்கடுவைக்கும் அது சரி. அதே பேச்சை நம்பி டிசம்பர் விடுமுறையில் பதுளைக்குக் கோச்சி ஏறுகிறவர்கள், விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊவாவின் பெருமழை ஒக்டோபரில் பிடித்து ஜனவரியில்தான் விடும். நாட்டின் மேற்குப் பக்கம் நனைந்து ஊறும் ஜூன், ஜூலையில் இங்கே தேயிலைத் தூரடி காய்ந்து வெடித்துக் கிடக்கும்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதுளை, எல்ல, பசறை, நமுனுகுல, மடுல்சீமை என்று கிழக்கே நடக்க விரும்பினால் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை வாருங்கள். ஒஹிய, ஹோர்ட்டன் சமவெளி, இதல்கஸ்ஹின்ன என்று உயரமான மேற்கு விளிம்புக்குப் போக விரும்பினால் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை வாருங்கள். ஒக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை மலை ஏறும் எண்ணத்தோடு வர வேண்டாம். ஏன் என்பதை விளக்கத்தான் மீதி அத்தியாயம். காரணம் தெரிந்தால்தான் வானம் மாறும்போது திட்டத்தை மாற்ற முடியும்.

மலை முதுகின் இரண்டு பக்கம்

வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த பாடம்தான் இது. நடக்க வருகிறவர் இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பருவத்திலும் காற்று எந்தத் திசையிலிருந்து வந்து மலையில் மோதுகிறது என்பது.

தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி ஏறுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுவது அதனால்தான். சுமையை அங்கேயே இறக்கிவிட்டு மலை விளிம்பைத் தாண்டி ஊவாப் பள்ளத்துக்குள் இறங்கும்போது, அந்தக் காற்று சூடேறி வறண்டுவிடுகிறது. அதுதான் கச்சான். வடகிழக்குக் காற்றின் கதை நேர்மாறானது. வங்கக் கடலில் எழுந்து, மட்டக்களப்பு, அம்பாறைச் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து, முதன்முதலாக மோதும் உயரமான சுவர் மடுல்சீமை, லுணுகலை, பசறை மலைகள்தான். அந்த ஈரம் முழுவதும் ஊவாவின் மேல் இறங்குகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் ஜூலையில் கொழும்பிலிருந்து பதுளைக் கோச்சியில் ஏறுங்கள். நானுஓயா தாண்டினால் மூடுபனி. கடல் மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொலை நிலையத்தில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். அடுத்து வரும் சுரங்கத்துக்குள் கோச்சி நுழையும்போது ஜன்னல் கண்ணாடியில் நீர்த்துளி வழியும். மறுபக்கம் வெளியே வந்தால், பல நாட்களில் கண் கூசும் வெயில், கீழே ஒஹிய, தூரத்தில் ஊவாவின் காய்ந்த புல்மேடுகள். ஒரே மலை, ஒரே நாள், இரண்டு பருவம். பதுளைக்கு ஏற்ற மாதம் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஏற்றது என்று எண்ணிப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

ஆனி, ஆடி, ஆவணி

ஊவாவை அதன் முழு அழகோடு பார்க்கக் கிடைக்கும் காலம் இதுவே என்பது என் கருத்து. கச்சான் வீசும்போது கொழுந்து மெதுவாகத்தான் வளரும், ஆனால் அந்த வறட்டுக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடிவரும் மணத்தைக் கொடுக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்தத் தரமான பருவத்தில் தோட்டத்து ஸ்டோர் பக்கம் போனால், வாட்டப் போட்ட கொழுந்தின் வாசம் வீதிவரை வரும். கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைப்பதும் இந்த வாரங்களில்தான்.

நடக்கிறவருக்கு இந்தக் காற்றால் கிடைப்பது தெளிவான வானம். நமுனுகுல 2,036 மீற்றர். அதன் உச்சிக்குப் போகும் பாதை தேயிலை மலையில் தொடங்கிக் காட்டுக்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் அந்தக் காட்டுத் துண்டில் ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று அட்டை பிடுங்க வேண்டியிருக்கும். ஆடியில் அதே பாதையில் சருகு நொறுங்கும். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் பதுளை நகரம், மறுபக்கம் மொனராகலைச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரியும். எல்ல மலையுச்சிக்குப் போகிறவர்கள் எல்ல நிலையத்திலிருந்து கித்தல் எல்ல வரை தண்டவாளத்தின் ஓரமாக நடப்பது வழக்கம். அங்கே கோச்சி நேரத்தை நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் வளைவுக்கு அப்பால் வரும் கோச்சியின் சத்தம் காதில் விழாது. 1921இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறவர்களுக்கும் இதுவே எச்சரிக்கை.

காற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஜூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை மலை முகடுகளில் அடிக்கும் காற்று டென்டின் கம்பியை வளைக்கும். நாரங்கலையிலும், மடுல்சீமையில் சின்ன உலக முடிவு என்று சொல்லப்படும் பிட்டமாறுவ விளிம்பிலும் இரவு தங்க வருகிற இளைஞர்கள் இப்போது அதிகம். அந்த விளிம்பில் விழுந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே தங்குவதானால் முகட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, காற்றுக்கு மறைவான சரிவில் டென்டை அடியுங்கள். இருட்டிய பிறகு விளிம்புப் பக்கம் போகவே போகாதீர்கள். கூடாரம் அடித்துத் தங்குவதுதான் உங்கள் முதல் ஆசை என்றால், கச்சான் உச்சத்தில் இருக்கும் ஜூலையை விட்டு செப்டெம்பர் முதல் பாதியைத் தேர்ந்தெடுங்கள். காற்று தணிந்திருக்கும், மழை இன்னும் பிடித்திருக்காது.

அடுத்தது நெருப்பு. ஊவாவின் மேடுகளில் பெரும்பகுதி பத்தனாப் புல்வெளி. மானாப் புல் ஆவணியில் தொட்டால் ஒடியும் அளவுக்குக் காய்ந்திருக்கும். அணைக்காமல் விட்ட ஓர் அடுப்பு, எறிந்த ஒரு சிகரெட் துண்டு போதும். காற்று அதை மேலே தூக்கிக்கொண்டு போய் பைனஸ் காட்டில் போடும், அங்கிருந்து அது தேயிலைக்குள் இறங்கும். ஆண்டுதோறும் இந்த மாதங்களில் இரவில் பதுளையிலிருந்து பார்த்தால் ஏதாவது ஒரு மலையில் நெருப்பு வரி தெரியும். அதை அணைக்கப் பச்சைக் கொப்பை முறித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் பக்கத்து லயத்து இளைஞர்கள்தான். ஜூன் முதல் செப்டெம்பர் வரை மலையில் விறகு மூட்டவே வேண்டாம். இறுக்கி மூடிய சுடுதண்ணீர்ப் போத்தலும் ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும்.

தண்ணீரும் அப்படித்தான். வறட்சி முற்றிய நாட்களில் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக வடியும். வேலை முடிந்து வந்த பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பார்கள். கைகால் கழுவவும் சப்பாத்துச் சேறு அலசவும் அந்தப் பீலியைத் திறந்துவிடும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். குடிக்கக் கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள். ஒரு நாள் நடைக்கு ஆளுக்கு மூன்று லீற்றர் நகரத்திலேயே நிரப்பிக்கொண்டு வரலாம்.

குளவியைப் பற்றியும் ஒரு சொல். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களின் செய்தி மலையகத்தில் அடிக்கடி வரும், சிலர் இறந்தும் போகிறார்கள். கூட்டைக் கழுகு தொட்டாலும், பலமான காற்றில் கொப்பு முறிந்தாலும் கூடு கலையும். உயரமான மரத்திலோ பாறை இடுக்கிலோ பெரிய கூட்டைக் கண்டால் சத்தமில்லாமல் சுற்றிப் போங்கள். அதைப் படம் பிடிக்க ட்ரோன் அனுப்புவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை, ஏனென்றால் கலைந்த குளவி உங்களைத் தேடிவருவதற்கு முன் கீழே கொழுந்து பறிக்கிறவர்களைத்தான் பிடிக்கும்.

இதே மாதங்களில் கிழக்குக் கரையும் காய்ந்திருக்கும். எல்லவிலிருந்து வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவில் இறங்கினால், அறுகம்குடாவில் அலைச்சறுக்கு விளையாட்டின் உச்சக் காலமும் இதுதான். மலையும் கடலும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இணைப்பு நாட்டில் இல்லை. மொனராகலைப் பக்கத்துத் தாழ்நிலத்தில் நடுப்பகல் வெயில் கடுமையானது, யானைகளும் குளங்களைத் தேடி நகரும் காலம். புத்தல - கதிர்காமம் வீதியில் யானை வாகனத்தை மறிப்பது சாதாரணம், அந்த வீதியை இருட்டுவதற்கு முன் கடந்துவிடுங்கள். ஆடியில் கதிர்காமத் திருவிழா நடக்கும் நாட்களில் வெல்லவாயவிலிருந்து தெற்கே போகும் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மாசி, பங்குனி

வடகிழக்குப் பருவம் ஓய்ந்து, இடிமழை தொடங்குவதற்கு முன் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கும். தைப்பொங்கலுக்கும் ஊவாவில் மழை இருக்கும், தைப்பூசத்திலும் தூறும். மாசி பிறந்த பிறகுதான் நிலம் காயும். அந்த ஐந்தாறு வாரங்களை உயர்ந்த விளிம்புக்கு ஒதுக்குங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவில் நின்று கிட்டத்தட்ட 870 மீற்றர் நேர்ச்சரிவைப் பார்க்க, ஆடி மாதம் போனால் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள். பெப்ரவரி, மார்ச் காலையில் தெற்கே கடல்வரை தெரியும் நாட்கள் உண்டு. பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பிறகு கீழிருந்து எழும் மேகம் விளிம்பை மூடிவிடும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படியும், கையுறை இல்லாமல் விடியற்காலை நடை கடினம். ஒஹியவிலிருந்து பம்பரகந்தவை நோக்கி இறங்கும் பேய்ப்படிக்கட்டு என்ற பாதையும் இந்த மாதங்களுக்கு உரியது. நாட்டின் உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்தவின் உயரம் 263 மீற்றர். அதன் மேற்பகுதிப் பாதைகள் ஈரத்தில் சறுக்கும் களிமண், மாசியில்தான் அவற்றில் கால் ஊன்றி நடக்க முடியும்.

ஹப்புத்தளை இரண்டு பருவத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1,400 மீற்றரைத் தாண்டிய ஒடுங்கிய முகட்டில் ஊர். வடக்கே ஊவா, தெற்கே வெல்லவாயச் சமவெளி. தாழ்நிலத்து வெப்பக் காற்று பகலில் மேலே ஏறிவந்து அந்த முகட்டில் மேகமாகிவிடும். அதனால் இங்கே மாதத்தைவிட மணி முக்கியம். தம்பேதன்னத் தோட்டத்தில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏழு கிலோமீற்றர் ஏற்றம். விடியற்காலை ஐந்து மணிக்கு முன் தொழிற்சாலையைத் தாண்டிவிட்டால், வெளிச்சம் வரும்போது மேலே இருப்பீர்கள். ஏழு மணிக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மலைக்கு இறங்குவார்கள். எட்டரை, ஒன்பதுக்குப் பள்ளத்தில் முதல் மேகத்துண்டு தலை காட்டும். முதலில் ஒரு லயத்தின் தகரக் கூரை மறையும், பிறகு கோயில் கோபுரம், பிறகு கீழ் மலை முழுவதும். அரை மணி நேரத்துக்குள் நீங்கள் நிற்கும் பாதையும் மறைந்துவிடும். ஆட்டோவில் ஒன்பதரைக்கு வந்து சேருகிறவர்கள் அந்த வெண்மையைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை எல்லாம் அதன் வழியில் இருக்கின்றன. முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடக்க எண்ணுகிறவர் பெப்ரவரி, மார்ச்சைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேற்குக் கட்டங்களும் கிழக்குக் கட்டங்களும் ஒரே சமயத்தில் காய்ந்திருக்கும் காலம் ஆண்டில் இது ஒன்றுதான். ஊவாக் கட்டங்களை மட்டும் நடக்கிறவருக்கு ஆனி, ஆடியும் ஏற்றவை.

மாசி மாதம் வருகிறவர்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும் இரவுகளைப் பற்றி விசாரியுங்கள். நடை முடிந்த மாலையில் அதைப் பார்க்கக் கிடைத்தால், மலையகத்தை அறிய வேறு எந்த வழிகாட்டியும் தரமுடியாத ஒன்றைப் பெறுவீர்கள். அழைக்கப்பட்டால் உட்காருங்கள், செருப்பைக் கழற்றுங்கள், வெளிச்சம் அடித்துப் படம் எடுக்காதீர்கள்.

இடிமழை மாதங்கள்

ஏப்ரல் மாதம் பள்ளி விடுமுறை, புத்தாண்டு. எல்லவிலும் பண்டாரவளையிலும் விடுதி விலை ஏறும், வீதி நெரியும். மழை என்னவோ நேரம் பார்த்துத்தான் வரும். காலை முழுவதும் வெயில் காய்ந்து, பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மேகம் திரண்டு இடியோடு கொட்டும். மின்னலுக்கு மரமில்லாத புல்முகட்டைவிட ஆபத்தான இடம் கிடையாது. இந்த மாதத்தில் ஏறுகிறவர்கள் ஒரு மணிக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். தோட்டத்து ஆட்களிடம் கேட்டால் தொலைபேசிச் செயலியைவிட நன்றாகச் சொல்வார்கள். “மேக்கால கருத்துக்கிட்டு வருது தம்பி, மத்தியானத்துக்குள்ள எறங்கிருங்க” என்று ஒரு கங்காணி சொன்னால், உச்சி இன்னும் நூறடிதான் என்றாலும் திரும்புங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை

இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பதுளை மாவட்டம் நாட்டில் மண்சரிவு ஆபத்து மிகுந்த மாவட்டங்களில் ஒன்று. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம் மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலுமே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாறிப்போக வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதிகள் அறுந்தன, மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் உடைந்தது. அதனால் இனி எந்த மாதத்தில் வந்தாலும், கோச்சி எதுவரை ஓடுகிறது, மலைவீதிகள் திறந்திருக்கின்றனவா என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்வதும் திட்டத்தில் சேர வேண்டும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மழை அளவுக்கும் அந்த நிறுவனம் வரம்பு சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம், 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற்றம். நடக்க வருகிறவருக்கு நான் சொல்லும் விதி இதைவிடக் கடுமையானது. நீங்கள் போகும் பிரிவுக்கு மஞ்சள் வந்தால் மலைப்பாதையை விட்டு நகரத்தில் தங்குங்கள். செம்மஞ்சள் வந்தால் வீதி திறந்திருக்கும்போதே ஊருக்குத் திரும்புங்கள். ஹல்துமுல்லை, பசறை, ஹாலிஎல, எல்ல என்று பிரிவின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தால்தான் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்த்துப் பயன்படுத்த முடியும்.

மண் நகரப்போவதற்கு முன் அடையாளங்கள் உண்டு. சரிவில் புதிதாக ஊற்று கிளம்பும், அல்லது எப்போதும் ஓடும் ஊற்று திடீரென்று நிற்கும் அல்லது கலங்கும். பாதையில் பிறை வடிவில் வெடிப்பு ஓடும். நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாயும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வந்த வழியே இறங்கி, முதலில் எதிர்ப்படும் லயத்தில் சொல்லுங்கள், பிறகு 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். காயப்பட்டவர் இருந்தால் 1990 அம்பியுலன்ஸ், பொலிசுக்கு 119.

நீர்வீழ்ச்சிகள்

இங்கே ஓர் உண்மையான சிக்கல் உண்டு. அருவி நிறையத் தண்ணீரோடு விழும் காலமும் அதன் அருகே போகக்கூடாத காலமும் பெரும்பாலும் ஒன்றே. பதுளையிலிருந்து ஐந்து கிலோமீற்றரில் இருக்கும் துன்ஹிந்த, பதுளு ஓயா 64 மீற்றர் கீழே பாயும் இடம். நவம்பரில் அதன் முழக்கம் ஒற்றையடிப் பாதையிலேயே நெஞ்சில் அதிரும், பாதையோ பாசி படிந்து வழுக்கும். ஓகஸ்டில் பாதை நன்றாக இருக்கும், அருவி மெலிந்திருக்கும். துன்ஹிந்தவுக்கு நான் ஜனவரி கடைசியைச் சொல்வேன். ஆற்றில் தண்ணீர் இன்னும் இருக்கும், இரண்டு மூன்று நாள் வெயில் கிடைத்தால் பாதையும் காய்ந்துவிடும். கைப்பிடிக்கு அப்பால் பாறைமேல் இறங்குகிறவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.

கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் விழும் தியலுமவின் உச்சியில் உள்ள குளங்கள் இப்போது பெயர் பெற்றுவிட்டன. ஒன்றின் கீழ் ஒன்றாகப் பாறைத் தொட்டிகள், கடைசித் தொட்டியின் விளிம்பில் வானம். பெப்ரவரியிலிருந்து மார்ச் வரையும், ஜூன் முதல் செப்டெம்பர் வரையும் அங்கே குளிக்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தத் தண்ணீர் பூனாகலை மலைகளிலிருந்து வருகிறது. நீங்கள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டியிருக்கலாம். முதலில் தெளிந்த நீரில் தேயிலைச் சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அடுத்துத் தண்ணீரின் நிறம் வெளிர் சாயத்தண்ணீர்போல் மாறும். பாறையில் நீர் தொட்ட கோடு ஒரு சாண் ஏறியிருக்கும். சத்தம் தடித்துவிடும். சருகைக் கண்டதுமே கரையேறிவிட வேண்டும், துணியையும் பையையும் எடுக்கத் திரும்பக்கூடாது. சத்தம் மாறும்வரை நின்றவர்களுக்கு நேரம் போதாது. வீதியோரம் இருக்கும் இராவணன் எல்லவில் குளிக்க வேண்டாம், வழுக்குப் பாறையில் பல உயிர்கள் போயிருக்கின்றன. நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது

ஊவாவில் நீங்கள் நடக்கும் பாதைகளில் பாதிக்கு மேல் யாரோ வேலைக்குப் போகும் பாதை. தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் டென்ட் அடிப்பதானால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும், பொலித்தீன் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அவர்கள் நிறை கணக்குக்காக ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்திவைத்தால் நாளின் கொழுந்து குறையும். வழிகாட்டியாகப் பக்கத்து லயத்து இளைஞர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுங்கள். எந்தக் கானில் போன மாதம் மண் இறங்கியது, எந்த மரத்தில் குளவி கட்டியிருக்கிறது, எந்தச் சரிவில் சிறுத்தை நடமாடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அட்டைக்கு அவர்கள் செய்வதையே நீங்களும் செய்யலாம். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்து, காலுறைக்குள் காற்சட்டையைத் திணித்து, ஒரு பொட்டலம் உப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் எதுவானாலும் மலைவீதியில் இரவுப் பயணத்தைத் தவிருங்கள். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். மழைகூட இல்லாத காலம் அது. உச்சியில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு அதே இரவில் கரையோரம் போய்விடலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஓர் இரவு தங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகையில் பதுளைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில், விடுதிக்குக் கட்டிய முற்பணம் போய்விடுமே என்று புறப்பட்டு வராதீர்கள். அன்று திறந்திருக்கும் ஒற்றை வீதி, லயங்களிலிருந்து பிள்ளைகளையும் முதியவர்களையும் பள்ளிக்கூடத்துக்கும் கோயில் மண்டபத்துக்கும் ஏற்றிக்கொண்டு வரும் லொறிகளுக்குத் தேவை. தேதியை மாசிக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.